இந்திராவதியின் முப்பது பேர்

"சேவைன்னா என்னா சேவை?" என்றுதான் அப்பா முதலில் கேட்டார் என்று, ரொட்டியைச் சுருட்டிக்கொண்டே ஆரம்பித்தாள் இந்திராவதி. மதிய மணி அடித்து டப்பாவைத் திறந்தால், வாரத்துக்கு இரண்டு முறையாவது இந்தப் பேச்சை அவள் சொல்லியாக வேண்டும். கேட்பவள் நான்காம் வகுப்பு ஆசிரியை விஷாலி. எப்போதும் அதே வரிசைதான், ஒரு வார்த்தை முன்பின் ஆகாது.

அப்பா அப்பல்சாமி ஃபிஜித் தீவில் பா என்ற ஊர்ப் பக்கம் கரும்பு போடுகிறவர். தேசிய சேவையில் சேரப் போவதாக மகள் தலைநகர் சுவாவிலிருந்து போன் செய்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. ஆட்சியைக் கவிழ்த்த சதி நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"துப்பாக்கி குடுப்பாங்களா?"

"தொடப்பம்கூடக் குடுக்க மாட்டாங்கப்பா. டி-சட்டை ரெண்டு குடுப்பாங்க."

"எத்தன நாளு?"

"ஒரு வருஷம். முழு நேரம். டவுன் பள்ளிக்கூடத்துல வேல."

"ஊரே நாட்ட விட்டு ஓடுது. நீ நாட்டுக்குச் சேவ செய்யப் போறியா?"

"ஓடறவங்க போக மிச்சம் எத்தன பேருன்னு யாராச்சும் எண்ணணும்ல?"

அங்கே, அப்பாவுக்குப் பின்னால் சேவல் கூவியது போனில் கேட்டதாம்.

"சட்ட என்னா கலரு?"

"மஞ்ச."

"பட்டாளத்துப் பச்ச இல்லியே?"

"இல்லப்பா."

"அப்பச் சரி. போ."

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவள் ரொட்டியைக் கடிப்பாள்.

முப்பத்து மூன்று வயது. உயரம் குறைவு, நடை வேகம். அந்த மஞ்சள் சட்டை அவளுக்கு முழங்கால்வரை வரும். சேவையில் சேர்ந்த மற்றவர்கள் எல்லோரும் பள்ளி முடித்த கையோடு வந்த இருபது வயதுக்காரர்கள். விண்ணப்பத்தில் வயது வரம்பு எழுதவில்லை என்பதை முழுப் படிவத்தையும் படித்துக் கண்டுபிடித்தவள் இவள் ஒருத்திதான். அதற்கு முன் ஒன்பது வருஷம் சுவாவில் ஒரு தையல் பேக்டரியில் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. சதிக்குப் பிறகு ஆர்டர் நின்று பேக்டரியை மூடினார்கள். வேலை போனது, வாய் போகவில்லை. எதைப் பார்த்தாலும் பேக்டரி பாஷையில்தான் தீர்ப்பு. விஷாலியின் அம்மா செய்த ஊறுகாய் "பாஸ்". தலைமை ஆசிரியர் சுரேந்திரா மாஸ்டரின் புதுக் கண்ணாடி "ரிஜெக்ட்". போன தீபாவளிக்குப் நவுசோரியிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையும் ரிஜெக்ட்தான். காரணம் கேட்டால், "காலர் கோணலு. கழட்டித் தைக்க யாருக்கு நேரம்?" என்பாள்.

காலை ஏழரைக்குப் பள்ளி வாசலில் நிற்பாள். கழுத்தில் எலாஸ்டிக் கயிற்றில் தொங்கும் நூல் வெட்டும் குட்டிக் கத்தரி. பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வரும்போது தோளைப் பிடித்துத் திருப்பி, சீருடையில் தொங்கும் நூலை நறுக்கிவிட்டு முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்புவாள். வெட்டும்போதே உதடு அசையும். எண்ணுகிறாள். வராத பிள்ளையின் பெயர் ஒன்பது மணிக்குள் அவளுக்குத் தெரிந்திருக்கும். மூன்று மணிக்கு அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நிற்பாள். சேவை அவளுக்குக் கொடுத்த வேலை அதுதான்: வராத பிள்ளைகளைத் தேடிப் போவது.

விஷாலிக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். அதை எழுத வரும், பேசக் கூச்சம். இந்திராவதிக்கு வீட்டில் கேட்ட தமிழ், எழுதத் தெரியாது. பிள்ளைகளோடு இருவரும் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் பேசுவார்கள். மதிய ரொட்டிக்கு மட்டும் தமிழ். பேசுகிறவள் ஒருத்தி, கேட்கிறவள் ஒருத்தி என்று அது நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் பிள்ளைகள் வராமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஆனால் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும், கடைசி நேரத்தில் வீசா நின்றுவிடும் என்று பயம். கூடப்பிறந்தவர்களுக்கே விமான டிக்கெட் கையில் வந்த பிறகுதான் தெரியும். அதனால் இந்திராவதி யாரையும் கேட்பதில்லை, சட்டையைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். ஐந்தாம் வகுப்பு சச்சின் மார்ச் மாதத்தில் வீசா மருத்துவச் சோதனைக்கு ரத்தம் எடுத்த முழங்கை மடிப்பில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தான். மறு வாரம் அவன் பையிலிருந்து ஒரு கம்பளிச் சட்டை எட்டிப் பார்த்தது. "சுவா வெயில்ல கம்பளி யாரு வாங்குவா?" என்றாள் இந்திராவதி. அதற்கடுத்த திங்கள்கிழமை அவன் இடம் காலி. வீட்டு நாயை யாருக்காவது கொடுத்தால் ஒரு மாதம். சோபாவை விற்றால் இரண்டு வாரம். ஃப்ரீஸரைக் காலி செய்து பக்கத்து வீட்டுக்குக் கோழியும் மீனும் கொடுத்தார்களானால் அவ்வளவுதான், மறுநாள் விமானம். இந்தக் கணக்கு ஒரு தடவையும் தப்பியதில்லை.

ஜூன் மாதக் கடைசியில் சுரேந்திரா மாஸ்டர் அவளையும் விஷாலியையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை பதிவேட்டைப் பார்க்கக் கல்வி இலாகாவிலிருந்து ஆள் வருகிறது. நான்காம் வகுப்பில் முப்பது பேர் இருந்தால் வகுப்பு தனியாக நிற்கும். ஒன்று குறைந்தாலும் மூன்றாம் வகுப்போடு சேர்த்துவிடுவார்கள். ஒரே அறையில் ஐம்பத்தேழு பிள்ளைகள். பிறகு இந்தப் பள்ளிக்குச் சேவைக்காரி தேவையில்லை, இந்திராவதியை விடுவித்துவிடுவார்கள்.

"இப்ப எத்தன?" என்று கேட்டார் மாஸ்டர்.

"முப்பது," என்றாள் இந்திராவதி. குரலில் உறுதியில்லை.

முப்பதாவது பெயர் ஷைனல். திங்கள்கிழமையிலிருந்து அவள் வரவில்லை.

திங்களும் செவ்வாயும் இந்திராவதி போனபோது வீடு பூட்டியிருந்தது. புதன்கிழமை விஷாலியையும் கூட்டிக்கொண்டாள். நவுசோரி பஸ்ஸில் ஏறி நைன் மைல் நிறுத்தத்தில் இறங்கி, சேற்றுப் பாதையில் பத்து நிமிஷ நடை. வழியெல்லாம் இந்திராவதி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் நடந்து விஷாலி அதுவரை பார்த்ததில்லை.

ஷைனல் வீட்டு ஜன்னல்களில் திரை இழுத்து மூடியிருந்தது. கேட்டில் சங்கிலி. கொடியில் ஒரு துணி இல்லை. பக்கத்து வீட்டு லித்தியா வேலிக்கு அந்தப் பக்கம் டாலோக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பூர்வீக ஃபிஜிக்காரி, ஆனால் ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு.

"போயிட்டாங்க போல, பஹினி," என்றாள். "மூணு நாளா வெளிய தல காட்டல. ஞாயித்துக்கிழம சாயங்காலம் அந்தம்மா வந்து ஃப்ரீஸர்ல இருந்த கோழி, மீனு எல்லாத்தையும் எனக்குக் குடுத்துட்டா. ஏன்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லல."

இந்திராவதி வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஃப்ரீஸர் மொத்தமுமா?"

"ஐஸைத் தவிர எல்லாம்."

விஷாலி திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இந்திராவதி கேட்டின் பக்கவாட்டு இடுக்கில் உடம்பை நுழைத்து உள்ளே போய்விட்டாள். காலி வீட்டையாவது கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. முன்கதவு வரை போனவள் அப்படியே நின்றாள். கதவு நிலையில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. சுவா பக்கத்து மழைக்கு வேப்பமரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பா பக்கத்திலிருந்து யாரோ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய கொத்து, பாதி வாடியிருந்தது.

"ஷைனல் அம்மா," என்று மெதுவாகக் கூப்பிட்டாள் இந்திராவதி. "உள்ளதான் இருக்கீங்களா?"

திரைக்குப் பின்னாலிருந்து தமிழில் பதில் வந்தது. "உள்ள வந்துடாதீங்க. புள்ளைக்கு அம்மா போட்டிருக்கு."

"அம்மையா?"

"ஆமா. ஒடம்பு பூரா முத்து. கவுச்சி வீட்ல இருக்கக் கூடாதுல்ல, எல்லாத்தையும் லித்தியாகிட்ட குடுத்துட்டேன். தண்ணி ஊத்தற வரைக்கும் வாசலத் தொறக்கக் கூடாதுன்னு மாமியா சொல்லிட்டாங்க."

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் போடக் கூடாதா?"

"அத எப்பிடிப் போன்ல சொல்றது?"

இந்திராவதி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் நிற்காத சிரிப்பு. படியில் உட்கார்ந்தேவிட்டாள். பிறகு எங்கே சிரிக்கிறோம் என்று உறைத்ததும் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "ஆத்தா, தப்பா எடுத்துக்காத. ஒன்னப் பாத்துச் சிரிக்கல. நீ வந்திருக்கியே, அதுக்குச் சிரிச்சேன்."

உள்ளே யாரோ சின்னக் குரலில், "ஆன்ட்டி, ரொம்ப அரிக்குது," என்றார்கள்.

"சொறியாத கண்ணு," என்றாள் இந்திராவதி. அவள் கண் நிறைந்திருந்தது. "நல்லா படுத்துக்கோ. எத்தன நாள் வேணுமோ படுத்துக்கோ."

வெளியே வந்ததும் லித்தியாவிடம் விஷயத்தைச் சொன்னாள். லித்தியா கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ கோழியத் திருப்பிக் குடுக்கணுமா?" என்று கவலையோடு கேட்டாள். பாதிக்கு மேல் சமைத்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பதிவேட்டைப் பார்க்க வந்தவர் ஷைனல் பெயருக்கு நேரே விஷாலி எழுதியிருந்த "நோய் விடுப்பு" என்பதை விரலால் தொட்டு, தலையசைத்து, பக்கத்தைத் திருப்பினார். முப்பது. வகுப்பு தனியாகவே நின்றது. சுரேந்திரா மாஸ்டர் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். இந்திராவதி ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கர தூக்கல். ஆனா பாஸ்," என்றாள்.

விஷாலிக்கு அந்த டீயைவிட நன்றாக நினைவிருப்பது புதன்கிழமை திரும்பி வந்த பஸ். மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் பக்கத் தார்ப்பாய்களை எல்லோரும் இறக்கிவிட்டார்கள். உள்ளே அரையிருட்டு. இந்திராவதி வறுத்த பட்டாணிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். பாதிப் பொட்டலம் தீரும்வரை ஷைனல் வீட்டு ஃப்ரீஸரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"ஒன் பேப்பர் எப்ப ஆவும்?"

விஷாலியின் கை பொட்டலத்தின்மேல் நின்றது. நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருக்கும் அண்ணன் அவளைக் கூப்பிட்டுக்கொள்ள ஜனவரியிலேயே மனு போட்டிருந்தான். பக்கத்து வீட்டில் இருக்கும் சித்திக்குக்கூடத் தெரியாது. ஆறு மாதமாக அதை வாயில் அடக்கியபடியே சாப்பிட்டு, பாடம் நடத்தி, தூங்கி எழுந்துகொண்டிருந்தாள்.

"போன வாரம் வீசா எக்ஸ்ரேக்குப் போயிட்டு வந்த," என்றாள் இந்திராவதி. "லீவு லெட்டர்ல பல்லு வலின்னு எழுதின. பல்லு வலிக்காரி மறுநாளு ரீசஸ்ல கரும்பு கடிப்பாளா?"

"தெரியல அக்கா. டிசம்பருக்குள்ள ஆகலாம்ன்னு அண்ணன் சொல்லுது."

கடைசியில் சொல்லியேவிட்டாள். கண் பட்டுவிடுமோ என்ற பயம்கூட அந்த நிமிஷம் வரவில்லை. இந்திராவதி ஆச்சரியப்படவில்லை, பெருமூச்சும் விடவில்லை. இன்னொரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள்.

"அஞ்சாங் கிளாஸ் தேவேந்திரா மாஸ்டர் மே லீவுல நாட்ட விட்டுப் போனாருல்ல," என்றாள். "ஸ்கூல் தொறந்த அன்னிக்குப் பத்து மணி வரைக்கும் புள்ளைங்க கதவையே பாத்துட்டு இருந்திச்சுங்க. யாரும் சொல்லல. கடைசில நான்தான் போயிச் சொன்னேன். ஒரு புள்ள என்னப் பாத்து, நீ பொய் சொல்ற, மாஸ்டர் எங்க நோட்ட இன்னும் திருத்திக் குடுக்கலன்னுது. நான் என்னா சொல்லுவேன்?"

பஸ் ஒரு பாலத்தைக் கடந்தது. தார்ப்பாய் இடுக்கில் மழை உள்ளே தெறித்தது. இந்திராவதி பொட்டலத்தை மடித்து விஷாலியின் கையில் வைத்தாள்.

"நீ போறது சந்தோசம். நான் தடுக்கல. ஒண்ணே ஒண்ணு செய். கடைசி நாளு லீவு லெட்டர் எழுதாத, கிளாசுக்கு வா. முப்பது பேரையும் பேரு சொல்லிக் கூப்புடு. அப்புறம், நாளைக்கு வர மாட்டேன்னு ஒன் வாயால நீயே சொல்லு. நான் கதவாண்ட நிக்கறேன். அழுவுற புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்."