வாசலைப் பார்த்த நாற்காலி

கட்கி ஸ்டேஷன் எதிரே ஒரு தமிழரின் டீக்கடை. என் மகன் பம்பாய் போலீசில் பத்து வருஷம், சண்டை நடந்த காங்கோவில் அமைதிப் படையோடு ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இங்கேயும் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து வாசலையே பார்க்கிறான். இன்று அவன் ஆறவிடும் மூன்றாவது டீ இது.

“என்னா சார், தம்பிக்குச் சாய் புடிக்கலியா?” என்கிறார் கடைக்காரர்.

“யார் வர்றாங்கன்னு பாக்கறான். போலீஸ் பழக்கம்.”

“வர்றதெல்லாம் பக்கத்து ஃபேக்டரி ஆளுங்க. நேத்து சுட்ட பன்னைக் குடுத்தா என்னையத்தான் அடிப்பாங்க!”

மகன் சிரிக்கவில்லை. எனக்கு எதையும் ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் இருக்க முடியாது.

“உள்ள ஒன்பது பேர், வெளிய போக வழி ரெண்டு. இனிமே வர்றவங்கள நான் எண்ணிக்கறேன். நீ டீயைக் குடிடா,” என்கிறேன்.

என்னையே பார்க்கிறான். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டம்ளரை எடுக்கிறான்.

பத்தாவது ஆள் உள்ளே வருகிறார். அவன் திரும்பவில்லை. நான் எண்ணிக்கொள்கிறேன்.