பட்டன் கிளாஸ்

இஸ்திரி அக்காவை முதலில் பார்த்தபோது, துணி கொண்டுவந்தவள் வழி தெரியாமல் வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஊரிலேயே முதல் பட்டதாரி என்ற மிதப்போடு நான் காவலர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருந்த புதிது. "துணியெல்லாம் பின்பக்கம்க்கா" என்று முன்வரிசையில் ஒருவன் குரல் கொடுத்தான்.

"துணியைக் காலையிலயே போட்டாச்சுப்பா. இப்ப உங்களுக்குப் பாடம் எடுக்க வந்திருக்கேன்."

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் வந்து நிற்க அவள் கொடுத்திருந்த விலை அப்படி.

பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் அவள் காவலர் உடுப்புகளுக்கு இஸ்திரி போட ஆரம்பித்தபோது மகன் கைக்குழந்தை. பேச்சு வரவேண்டிய வயதில் வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஆட்டிசம் என்றார் டாக்டர். ஆனால் கொட்டகையில் அவன் தனக்கென்று ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டான். சூடு ஆறாத சட்டையை அம்மா இந்தப் பக்கம் வைத்ததும், கழுத்திலிருந்து கீழ்வரை பொத்தான்களைப் போட்டு, சட்டைப் பை மூடியையும் மாட்டி, ஒரு தட்டுத் தட்டிவிடுவான். ஒன்று திறந்திருந்தாலும் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. "எங்க வீட்டு இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணாம ஒரு சட்டையும் வெளிய போகாது" என்று அக்கா பீற்றிக்கொள்வாள்.

வளர்ந்தபின் அவன் தினமும் மாலையில் தனியாகப் பேருந்து நிலையம் வரை நடந்துபோய், வண்டிகள் வளைந்து திரும்புவதைப் பார்த்துவிட்டு வருவான். அந்த ஒரு நடையைப் பழக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தனக்குப் பிறகும் பிள்ளை உலகத்தில் நடமாடுவான் என்ற நம்பிக்கையே அந்த நடையில்தான் இருந்தது.

ஒரு மாலை, அங்கே நின்ற காவலரின் சட்டைப் பை மூடி திறந்து தொங்கியது. மகன் நேராகப் போய் அவர் மார்பில் கை வைத்தான். "தள்ளிப் போடா!" என்று அவர் கத்தினார். யாராவது கத்தினால் அவனுக்கு எல்லாமே கலங்கிவிடும். கை மட்டும் பொத்தானைத் தேடிக்கொண்டே இருந்தது. மறுகணம் அவன் தரையில் குப்புறக் கிடந்தான், முதுகின்மேல் காவலரின் முழங்கால். தோள் பிசகி, மணிக்கட்டும் முறிந்தது.

அக்கா புகார் கொடுத்தாள். பயிற்சிப் பள்ளித் தலைவர் அவளைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

"தெரியாமப் பண்ணிட்டான்மா. பிள்ளைகுட்டிக்காரன். புகாரை வாபஸ் வாங்கிடுங்க. வர்ற ஒவ்வொரு பேட்சுக்கும் ஆட்டிசம் பத்தி வகுப்பு வைக்கிறோம். நீங்களே வந்து சொல்லுங்க. இனிமே எந்தப் பிள்ளைக்கும் இப்படி நடக்காது."

வெளியூர் லாரியில் இருந்த கணவர் போனிலேயே குதித்தார். "வகுப்பாம் வகுப்பு! கண்ணைத் துடைக்கிறாங்கடி. விட்டுக்குடுத்துடாத."

"ஒருத்தன் வேலைய பறிச்சிட்டா நம்ம பிள்ளை தனியா நடந்துட முடியுமாங்க? எல்லா போலீசுக்கும் தெரிஞ்சாத்தானே முடியும்?" என்றாள். புகாரை வாபஸ் வாங்கினாள்.

அந்த வகுப்புதான் இது. நடந்ததைச் சொல்லிவிட்டு, பாடத்துக்கு வந்தாள்.

"கத்தாதீங்க. தள்ளி நின்னு, சின்ன வார்த்தையா, ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பதில் வர நேரமாகும், காத்திருங்க. கையைப் பிடிச்சு இழுக்காதீங்க."

"நாங்க காத்திருக்கற நேரத்துல அவன் கத்திய உருவினா?" என்றது பின்வரிசை.

"கத்திய உருவினா என்ன செய்யணும்னு மத்த வகுப்புல எல்லாம் சொல்லித் தர்றாங்கப்பா. பட்டன் போட வந்தா என்ன செய்யணும்னு சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

சிலர் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்கள். அதை, ஓரமாக உட்கார்ந்திருந்த பயிற்சி அதிகாரி கெடுத்தார். "சரி, யாராவது அக்கா பையன் மாதிரி நடிச்சுக் காட்டுங்க, பார்க்கலாம்." ஒருவன் எழுந்து வாயைக் கோணிக்கொண்டு கைகளை உதறினான். பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். சிரிப்பு ஓயும்வரை அக்கா காத்திருந்தாள். பிறகு, "அவன் இப்படி இல்லப்பா" என்றாள், அவ்வளவுதான்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி முடித்துவைத்தார். "ஆக, என்ன தெரியுது? நம்ம உடுப்பு ஒழுங்கா இருந்திருந்தா அந்தப் பையன் கிட்டயே வந்திருக்கமாட்டான்." அவள் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது: சட்டைப் பைப் பொத்தான் திறந்திருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். அவள் வகுப்புக்குப் பயிற்சிக் காவலர்கள் வைத்த பெயர் 'பட்டன் கிளாஸ்'. தேர்விலும் ஒரு கேள்வி வந்தது. உடுப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண். கத்தக் கூடாது என்று எழுதியவனுக்குப் பாதி.

அக்கா தலைவரிடம் போனாள். "ஐயா, நான் சொன்னது பட்டனைப் பத்தி இல்லீங்களே."

"உங்களாலதாம்மா இந்த மாற்றமே! சந்தோஷப்படுங்க."

மகனின் கட்டைப் பிரித்துச் சில மாதங்களாகி, எங்கள் பேட்ச் பயிற்சி முடித்து வேலைக்குப் போனபின், ஒரு மாலை அவனைத் திரும்பப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். பத்தடி பின்னால் வந்தபடி அவனை முன்னால் நடக்கவிட்டாள். அங்கே காவலுக்கு நின்றவன் அவள் வகுப்பில் படித்தவன், "துணியெல்லாம் பின்பக்கம்க்கா" என்றவனேதான். பேருந்து வளைவதைப் பார்க்க மகன் பாதையின் நடுவில் போய் நின்றான். காவலன் முதலில் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். எல்லாம் போட்டிருந்தது. பிறகு, "ஏய், தள்ளிப் போடா!" என்று கத்தி, அவன் தோளைப் பிடித்து இழுத்தான். அதே தோள். மகன் அலறியபடி காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஓடிவந்த அக்காவைக் காவலனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அட, அக்காவா! பாருங்கக்கா, பட்டன் எல்லாம் கரெக்டா போட்டிருக்கேன்" என்றான். கிண்டல் இல்லை, உண்மையான மரியாதையோடுதான் சொன்னான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

இப்போதும் அக்கா அதே கொட்டகையில்தான் இருக்கிறாள். பேட்சுக்கு ஒரு தடவை வகுப்பும் எடுக்கிறாள். உத்தரவு வந்ததிலிருந்து தளர்ந்த பொத்தான்களைத் தைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. மகன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். வலது கை தோளுக்குமேல் உயர்வதில்லை. உடுப்புகளை அவன் இப்போது தொடுவதில்லை. பொத்தான்களை அவளே போடுகிறாள்.