கரகர ரேடியோவும் ஆவடி மார்க்கெட் பஞ்சாயத்தும்

ஆவடி மார்க்கெட்டில், தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவில், என்னைத் திருடன் என்று ஒரு அக்கா கத்தினார். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது!

தொண்ணூறுகளில் அங்கே ரேடியோ கடை வைத்திருந்தேன். பிளாட்பாரத்தில் டார்ச் லைட் விற்றுச் சேர்த்த காசில் பிடித்த கடை. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் போனஸ் வாங்கியதும் நேராக வருவது என்னிடம்தான்.

எஃப்எம் வந்த புதிது.

குவார்ட்டர்ஸ் சரோஜாக்கா, மதுரைப் பக்கத்துக்காரர், போன வாரம் வாங்கின செட்டைக் கொண்டுவந்து டொம்மென்று வைத்தார்.

"ஏண்ணே, எங்களைப் பாத்தா கேணச்சி மாதிரித் தெரியுதா? செட்டு கரகரன்னு இரையுது!"

போட்டுப் பார்த்தேன். சினிமாப் பாட்டு கண்ணாடி மாதிரி வந்தது.

"யக்கா, நல்லாத்தானே கீது? இன்னா கொறைன்ற?"

"சாயங்காலம் எஃப்எம்ல பாட்டு போடுவாகல்ல, அப்பத்தான் இரையும். இருந்து காட்டிட்டுத்தான் போவேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். (டீ என் செலவு!)

சாயங்காலம் அந்த நிகழ்ச்சி வந்தது. ஏதோ புது இங்கிலீஷ் பாட்டு. கர்ர்ர்ர்! ஸ்பீக்கர் கிழிந்தால் வருமே, அச்சு அசல் அதே சத்தம்!

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மூடியைக் கழற்றி வேறு ஸ்பீக்கர் மாட்டினேன். அதே கர்ர்ர். புதுப் பெட்டியைப் பிரித்து வேறு செட்டைப் போட்டேன். அதுவும் கர்ர்ர்!

"பாத்தீகளா! மொத்தச் சரக்குமே டூப்ளிகேட்டு! இந்தாளு திருடன், யாரும் வாங்காதீக!"

கையில் பெட்டியோடு நின்றவர்கள் சத்தமில்லாமல் அதைக் கீழே வைத்தார்கள். வெள்ளானூர்க்காரர் ஒருவர், "வா நைனா, வேற கடை பாக்கலாம்" என்று மகனைக் கூப்பிட்டார். தீபாவளி வியாபாரம் கண்ணெதிரே நடையைக் கட்டுகிறது!

அப்போதுதான் அறிவிப்பாளர் வாயைத் திறந்தார். இது புது ராக் பேண்டாம். எந்த கம்பெனியும் இல்லாமல் சொந்தக் காசில் ரெக்கார்ட் செய்த பாட்டாம். கிடாரில் அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே வரவழைக்கிறார்களாம்.

வேண்டுமென்றே!

நான் இரைச்சலை எடுக்க நாள் முழுக்க சால்டரிங் அயனோடு மல்லுக்கட்டுகிறேன். இவர்கள் காசு போட்டு அதை உண்டாக்குகிறார்கள்! பாட்டுக்கு முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

"கேட்டியாக்கா? செட்டு மேல தப்பு இல்ல. பாட்டே அப்டித்தான்!"

அக்கா அசரவில்லை.

அடுத்த பாட்டு. ஒரே ஆள், ஒரே கிடார். தானே எழுதித் தானே பாடுகிறவராம். எனக்குப் புரிந்தது ரென்ட், ரெயின் என்ற இரண்டு வார்த்தைகள்தான். வாடகை கொடுக்க முடியாமல் மழையில் நிற்கிறான் போல. (நானும் நின்றிருக்கிறேன்.)

கரகரப்பே இல்லை, கண்ணாடி மாதிரி வந்தது. கீழே போன பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன.

பாட்டு முடிந்து, அறிவிப்பாளர் பாடியவர் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். காதைத் தீட்டினேன்.

"அண்ணே! இந்தச் செட்டையே குடுங்க!"

"யக்கா, செத்த சும்மா இரேன்! ரெண்டும் ஒண்ணுதான்!"

"அதெப்படி? எங்க செட்டு ஒரு நாளாச்சும் இப்படிப் பாடுச்சா?"

பெயரும் போச்சு, புது செட்டும் போச்சு!

அப்புறம் அந்த நிகழ்ச்சியை நான் விட்டதே இல்லை. எத்தனையோ புதுப் பேண்டுகள் பழக்கமாயின, கரகரப்புகூடப் பிடித்துப்போனது. ரென்ட் பாட்டு மட்டும் திரும்ப வரவே இல்லை.

திருடன் என்றதைக்கூட மன்னித்துவிடலாம். அந்தப் பெயரைக் கேட்கவிடாமல் பண்ணினாரே, அதை எப்படிங்க மன்னிப்பது?