ஸ்டெல்லாக்கா கேட்ட நாற்பது நாள்

காலை பத்து மணி இருக்கும். கட்டிங் மேசை அருகே நின்று யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். அது என் வழக்கம். பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு வேறு குரல் வாய்ப்பதில்லை. கைபேசியில் ஜெனிஃபரின் பெயர் வந்தது. "அம்மா போயிட்டாங்க சார்" என்று மட்டும் சொன்னாள். மெஷின் சத்தத்தில் அவள் அழுததுகூட எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஜெனிஃபரின் தாயார் ஸ்டெல்லா அவர்கள் எங்கள் கம்பெனியின் செக்கிங் பகுதிக்குப் பல வருடங்களாகச் சூப்பர்வைசராக இருந்தவர். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமான புதிதில் கணவரோடு திருப்பூருக்கு வந்தார். கணவர் காலமான பின்னும் இங்கேயே நல்லூரில் வாடகை வீட்டில் இருந்து ஒரே மகளைப் படிக்க வைத்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் சார் என்பார். அவரை அறியாதவர்கள் எங்கள் வரவேற்பறைக்கு வந்தால் போதும். அங்கே சுவரோரம் இருக்கும் கடல்மீன் தொட்டிதான் அவர்.

தொட்டியை வைத்தது எங்கள் முதலாளி. வெளிநாட்டில் எங்களிடம் துணி வாங்கும் ஒரு பையரின் ஆபீசில் பார்த்துவிட்டு, அதேபோல் வேண்டும் என்று ஆசைப்பட்டார். பார்த்துக்கொள்ள வந்த கடைக்காரர் மாதாமாதம் புது மீனைக் கொண்டுவந்து கொட்டுவார், மாதாமாதம் அவை செத்து மிதக்கும். ஒருநாள் அந்த வழியாகப் போன ஸ்டெல்லாக்கா நின்று பார்த்தார். "சார், அந்த ஓரத்து மீனு மூச்சு வாங்குது பாத்தீயளா?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துணியில் ஊசிமுனை அளவு ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண் அது.

அன்றிலிருந்து தொட்டி அவர் பொறுப்பு. "கடக்கரைக்காரிக்குத் தெரியாததா" என்று நான் சீண்டியபோது வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க வேற சார். எங்க ஊருல நான் மீனைச் சட்டியிலதான் பாத்திருக்கேன்." மகளை உட்காரவைத்து, கைபேசியில் வீடியோக்களைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அவர் செய்த முதல் வேலை, செக்கிங் பகுதியின் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னத் தொட்டி வைத்ததுதான். மண் இல்லை, கல் இல்லை. மீன் ஒளிந்துகொள்ள வெட்டிப்போட்ட பிளாஸ்டிக் குழாய் மூன்று. எந்தப் புது மீன் வந்தாலும் நாற்பது நாள் அதில் தனியாக இருக்க வேண்டும். அதற்கென்று தனி வலை, தண்ணீர் மொள்ளத் தனி மக்கு. இரண்டிலும் சிவப்பு நூல் கட்டியிருப்பார். கையைக் கழுவாமல் பெரிய தொட்டிப் பக்கம் போக மாட்டார். துணியில் பழுது இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவோமே, சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அதில் நாளுக்கு ஒன்றாகக் கண்ணாடியில் ஒட்டி எண்ணுவார்.

"நல்லாத்தானே நீந்துது, எதுக்கு இத்தனை நாள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நோவு இருக்குன்னு நெத்தியில எழுதியா இருக்கும்? தானா வெளிய வாறதுக்கு நாள் கொடுக்கணும் சார்."

"செக்கிங்குக்கு வர்ற புது ஆளுகளையும் இப்படித்தான் ஒதுக்கி வெப்பீங்களாக்கா?"

"சேச்சே. மனுசங்கள மொத நாளே சேத்துக்கிடணும். இல்லன்னா வேல படியாது" என்றார். அப்படித்தான் செய்தார். ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் முதல் நாளே அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இனி எழுதப்போவதை நேற்றுவரை, நான்கு வருடமாக, யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பெரிய பையர் வருவதாக இருந்தது. வரவேற்பறை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு நீல மீனை நானே வரவழைத்தேன். ஸ்டெல்லாக்கா அதைப் படிக்கட்டுத் தொட்டியில் விட்டார். "பையர் வாற அன்னைக்கு இருக்கிற மீனே போதும் சார். இது கெடக்கட்டும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆறாவது அம்பு ஒட்டிய அன்று, அவர் சாப்பிடப் போன நேரத்தில், நானே வலையைப் போட்டு அந்த மீனைப் பிடித்துப் பெரிய தொட்டியில் விட்டேன். திரும்பி வந்தவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார்..." என்று மட்டும் சொன்னார்.

பையர் வந்து புகழ்ந்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் நீல மீனின் மேல் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். பிறகு எல்லா மீனுக்கும். இருந்த ஒன்பதில் ஏழு செத்தன. கடைசியாக மிஞ்சிய கோமாளி மீன் ஜோடியை மட்டும் படிக்கட்டுத் தொட்டிக்கு மாற்றி, மருந்து போட்டுக் காப்பாற்றினார்.

முதலாளி வரவேற்பறையில் வைத்தே சத்தம் போட்டார். "உங்கள நம்பித்தானுங்க உட்டேன்? என்னுங்க இது?" ஸ்டெல்லாக்கா தலையைக் குனிந்துகொண்டு, "என் கவனக்குறைவுதான் சார்" என்றார். நான் கையில் ஃபைலோடு பக்கத்தில் நின்றேன். அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அவரிடம் போய், "நாஞ் சொல்லிப்போடறேனுங்க்கா" என்றேன். "அது கெடக்கட்டும். மொதல்ல மீனுக்கு வழியப் பாப்போம்" என்றார். பெரிய தொட்டியை இரண்டரை மாதம் மீனே இல்லாமல் ஓட்டினார். மீன் இல்லாவிட்டால் நோய் தங்க இடமின்றித் தானே அழிந்துபோகுமாம். காலியான தொட்டிக்கு அவர் தினமும் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து ஆபீசில் கேலி பேசினார்கள். அவர் ஒருநாளும் என் பெயரைச் சொல்லவில்லை. ஷிப்மென்ட் ஒரு மணி நேரம் தள்ளினால் குதிக்கிற நான், இதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு வருடம் தள்ளினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு மஞ்சள் மீன் வந்தது. இருபத்திரண்டாவது அம்பை ஒட்டிய அன்று ஸ்டெல்லாக்காவுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாள் என்னைக் கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது. "மீனு சாப்பிட்டிச்சா சார்? சிவப்பு நூல் வலையப் பெரிய தொட்டியில விட்டுராதீய. நாப்பது ஆகட்டும். இந்தத் தடவ அவசரப்பட்டுராதீய." அவ்வளவுதான் பேசினோம். அன்றைய அம்பை நான் ஒட்டினேன். இருபத்து நான்காம் நாள் ஜெனிஃபரின் அழைப்பு வந்தது.

அடக்கத்துக்குப் போய் மண் போட்டுவிட்டு நேராகக் கம்பெனிக்கு வந்து அன்றைய அம்பை ஒட்டினேன். அதற்குப் பிறகு ஒருநாளும் விடவில்லை. தினமும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த மீனைச் செதில் செதிலாகப் பார்த்தேன். வாழ்க்கையில் எதற்கும் நான் இப்படிக் காத்திருந்ததில்லை.

நேற்று நாற்பது. ஜெனிஃபரை வரவழைத்தேன். முதலாளியும் செக்கிங் பெண்களும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். மீனை விடுவதற்கு முன், நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த மதியத்தைச் சொன்னேன். முதலாளி, "அந்தம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். ஜெனிஃபர் என்னைப் பார்க்காமலேயே, சிவப்பு நூல் கட்டிய மக்கை எடுத்து என் கையில் கொடுத்தாள். "விடுங்க சார். அம்மா சொன்ன நாள் ஆயிருச்சு."

மீனைப் புது உப்புத் தண்ணீருக்கு மாற்றிப் பெரிய தொட்டியில் விட்டோம். கல்லிடுக்கில் கொஞ்ச நேரம் ஒளிந்திருந்தது. பிறகு வெளியே வந்து, அந்தக் கோமாளி ஜோடியின் பக்கத்தில் நீந்தத் தொடங்கியது. செக்கிங் பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன்.

படிக்கட்டுத் தொட்டியில் நாற்பது அம்புகளும் அப்படியே இருக்கின்றன. முதல் இருபத்திரண்டு நேராக இருக்கின்றன. நான் ஒட்டியவை கோணல்.

நாப்பதும் ஆயிருச்சுங்க்கா. ஒரு புள்ளி இல்லீங்க. போயிட்டு வாங்க.