துருவும் துப்பாக்கிக்காரர்களும்

துப்பாக்கி ரிப்பேர் என்றதும் வீரமான தொழில் என்று நினைக்கிறார்கள். எனக்கு வாய்த்ததெல்லாம் உப்புத்தாளும் துருவும்தான். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் லைசென்ஸோடு கடை வைத்திருந்தேன். வயலில் பன்றி விரட்ட, குழல் வாய்வழியே கரிமருந்தும் ரவையும் திணித்துச் சுடும் பழைய துப்பாக்கிகள் வரும். துருவைத் தேய்த்து, மருந்து தடவிக் குழலுக்குப் பழுப்பு நிறம் ஏற்றி, எண்ணெய் பூசிக் கொடுப்பேன். வாடிக்கையாளரிடம் மாட்டிய உங்கள் எல்லோருக்கும் என் கதை புரியும்.

எலுமிச்சம்பழம்

ஆழ்வார்குறிச்சி விவசாயி ஒருவரிடம், "ஈரம் படாமப் பாத்துக்கிடும்" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் துப்பாக்கியைக் கொடுத்தேன். ஆயுத பூஜை முடிந்த கையோடு திரும்பி வந்தார். குழல் நெடுக வெள்ளைத் திட்டு, நடுநடுவே துரு. விசாரித்தால், சந்தனம் குங்குமம் அப்பி, மேலே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, மாலையோடு அப்படியே விட்டிருக்கிறார். புளிப்பு நிறத்தைத் தின்றுவிட்டது என்றேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

"சாமிக்குச் செஞ்சதக் குத்தம் சொல்லாதேயும் வே. உம்ம மருந்துலதான் பக்தி இல்ல."

வெளிப்பக்கம்

நாங்குநேரி அண்ணாச்சி ஒருவருக்கு மகன் கல்யாணம். சம்பந்தி வீட்டார் பார்க்க, துப்பாக்கியை மினுக்கிச் சுவரில் மாட்ட வேண்டுமாம். நிறம் ஏற்றும் முன் குழலைச் சூடு பண்ண வேண்டும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, குழல் காலிதானா என்று பார்க்க வழக்கம்போல் உள்ளே கம்பியை விட்டேன். அடிவரை போகாமல் நின்றது. கம்பியைக் குழலுக்கு வெளியே வைத்து அளந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, உள்ளே மருந்தும் ரவையும் கெட்டித்துத் தயாராக இருந்தன.

ஓடிப்போய் அடுப்பில் தண்ணீரைக் கொட்டினேன். "அண்ணாச்சி, மருந்து இருக்கே! சொல்லப்பிடாதா?" என்று கத்தினேன். பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக்கூட இறக்கவில்லை.

"வெளிய மினுக்கத்தானவே சொன்னேன், உள்ள எதுக்குக் கம்பிய விடுதீரு?"

தேர்தல்

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். மலையடிவாரத்து விவசாயி ஒருவர் எண்ணெய் சொட்டச் சொட்டத் துணி சுற்றிக் கொடுத்தார். அது உள்ளே இருந்த சமயம் பார்த்துப் பன்றிகள் இறங்கி, அவர் நெல் வயலை உழுதுவிட்டுப் போயின. ஓட்டு எண்ணி முடிந்து திரும்ப வாங்கினால், துணியைக் காணோம். கூரை ஒழுகும் மூலையில் நின்று குழல் செங்கல் நிறமாகியிருந்தது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நியாயம் கேட்க என்னையும் அழைத்துப் போனார். ஏட்டையா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுவரில் சாய்த்திருந்த தன் துப்பாக்கியைக் காட்டினார்.

"இங்கன வந்து இதப் பாரும் வே. இதுக்கு உம்மது புதுமாப்பிள்ளை."

காற்றுக்கும் ஈரத்துக்கும் என்னிடம் எண்ணெய் இருந்தது. துப்பாக்கியைத் தொடும் மனிதர்களுக்குத்தான் கடைசிவரை ஒன்றும் கிடைக்கவில்லை.