ஊதியைப் பற்றி நான் எழுதிய வரி

கணினி பழுதுபார்க்க வருபவரை எங்கள் நூலகத்தில் 'ஊதி' என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டியின் மூடியைக் கழற்றியதும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே ஓர் ஊது ஊதுவார். தூசி மொத்தமும் என் மேசையில் வந்து உட்காரும். "பாதி நோய் போச்சுண்ணே," என்பார். வயது ஐம்பத்தெட்டு. நூற்பாலையில் இருபது ஆண்டுகள் இயந்திரம் பார்த்தவர். ஆலை மூடியபின் இந்த வேலையைத் தானாகவே கற்றுக்கொண்டார். எங்கள் நூலகமும் அதன் ஐந்து கிளைகளும்தான் அவருடைய நிலையான பிழைப்பு. தலைமை அலுவலகம் ஆண்டுதோறும் பதிவேட்டைப் பார்த்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்.

நான் அங்கே பதிவேடு எழுதுபவன். முப்பத்தொரு ஆண்டுகளாக அடித்தல் திருத்தல் கிடையாது.

மார்ச் பதினொன்று, செவ்வாய், காலை 10.20. பழைய கணினி எழவில்லை. விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. உள்ளிருந்து கீச்சுச் சத்தம். அந்தச் சத்தத்தை எண்ணித்தான் எந்த உறுப்பில் கோளாறு என்று கண்டுபிடிப்பார்கள்.

ஊதியை வரவழைத்தேன். "எத்தனை தடவை கூவுச்சு? எண்ணிச் சொல்லுங்க பாப்போம்," என்றார்.

"ஒண்ணு நீளம், ரெண்டு குட்டை."

"சபாஷ். மூளை இன்னும் துருப்பிடிக்கலை உங்களுக்கு. படம் காட்டுற அட்டைதான் கோளாறு."

எப்போதும் என்னைத்தான் எண்ணச் சொல்வார். கிழவனைச் சீண்டுகிறார் என்றே ஒன்பது ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

அட்டையைப் பிடுங்கி, விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துச் செருகினார். நான் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பியபோது பெட்டி விடாமல் அலறிக்கொண்டிருந்தது. படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் முறைத்தார்கள். ஊதியோ கன்னத்தைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தார்.

"இன்னும் ஒண்ணும் கூவலைல்ல?" என்றார்.

"கத்துதேப்பா! ஊரே கேக்குது."

அவர் முகம் வெளுத்தது. "அப்ப மெமரி நகர்ந்திருக்கு," என்று அதையும் அழுத்திச் செருகினார். கணினி எழுந்தது. போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். "அண்ணே, இது நமக்குள்ள இருக்கட்டும்."

தலையாட்டினேன். அவர் படியிறங்கியதும் எழுதினேன்: 'பழுது நீங்கியது, 40 நிமிடம். பழுதுபார்ப்பவருக்குக் காது கேட்கவில்லை. ஒலியை நான் எண்ணிச் சொன்னேன்.' எழுதுவது வேறு, ஒருவரிடம் சொல்வது வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜூன் மாதம் ஒப்பந்தம் வேறொருவருக்குப் போயிற்று. தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க? உங்க பதிவேட்டுல பொய் இருக்காதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார் அதிகாரி, பாராட்டுகிற குரலில்.

மறுநாள் ஊதியின் வீட்டுக்குப் போனேன். வாசலறையில் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி தைத்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைத் தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சொல்லி முடித்தேன்.

"என்னண்ணே? நிமிர்ந்து சத்தமாச் சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். கையைக் காதருகே கொண்டுபோனார். மூன்றாம் முறை கத்தினேன்: "உனக்குக் காது கேக்கலைன்னு நான்தாம்ப்பா எழுதினேன்!"

தையல் இயந்திரம் நின்றது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "நிஜத்தைத்தானே எழுதினீங்க," என்றார். சற்றுப் பொறுத்து, "ஒன்பது வருஷம் வந்திருக்கேன். நல்லா வேலை செய்யறான்னு எத்தனை தடவைண்ணே எழுதியிருக்கீங்க?"

அவர் வந்தது எழுபத்திரண்டு முறை. எழுபத்திரண்டு வரியும் எனக்கு மனப்பாடம். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டை அசைக்கத் துணிவில்லாமல் விரலை எடுத்து, தரையிலிருந்த தூசியில் ஒரு சுழியம் போட்டேன்.