மேலாளர் அறைக் கண்ணாடி

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்த பிறகு, தூத்துக்குடியில் அலுவலகங்களுக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்துத் தரும் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனி. அதன் மேலாளர் அறைக் கண்ணாடியில், சுவிட்சைத் தட்டினால் மறைக்கவும் தெளியவும் செய்யும் மெல்லிய பிலிமை ஒட்டியது நான்தான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று மேலாளர் கேட்டார். நான் படித்ததைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“பிலிமுக்குள்ள பொடிப்பொடியா திரவப் படிகத் துளி இருக்கு சார். சும்மா இருக்கும்போது திசைக்கு ஒண்ணா கெடக்கும். வெளிச்சம் சிதறிரும், கண்ணாடி பால் மாதிரி தெரியும். கரண்ட் குடுத்தா மின்புலம் வந்து எல்லாத்தையும் ஒரே திசையா நிறுத்திரும். வெளிச்சம் நேரா போயிரும்.”

சுவிட்சைப் போட்டேன், தெளிந்தது. அணைத்தேன், வெளுத்தது. அவர் நாலைந்து தடவை போட்டுப் போட்டு அணைத்து ரசித்தார்.

என் அண்ணன் அதே கம்பெனியில் பதினொரு வருஷம் ஒப்பந்தக் கூலி. கன்டெய்னர் கதவில் சிக்கி வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கிப்போயின. புண் ஆறியதும் வேலைக்குப் போனவனைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேலாளரை எனக்குத் தெரியும் என்று வீறாப்பாக நான்தான் அழைத்துப் போனேன்.

அவர் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அண்ணனின் கையைப் பார்த்தார். அவர் கை சுவருக்குப் போனது. கண்ணாடி வெளுத்தது.

“சார் வெளிய போயிட்டாவ. நாளைக்கு வாங்க அண்ணாச்சி” என்றார் அலுவலக உதவியாளர், எங்கள் முகத்தைப் பார்க்காமலே.

பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே மேலாளர் கண்ணாடியை ஒட்டி நடந்தபோதெல்லாம் மங்கலாக நிழல் தெரிந்தது. மத்தியானம் சாப்பாட்டு கேரியர் உள்ளே போய்க் காலியாகத் திரும்பி வந்தது. நாலு மணிக்கு அண்ணன் மெல்லக் கேட்டான்.

“ஏளா தங்கச்சி, இந்தக் கண்ணாடி நீ போட்டதுதான?”

“ஆமா.”

“நல்லாத்தான் போட்டிருக்க.”

அவன் குத்திக் காட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. காவலாளி வந்து எங்களைப் படிவரை கொண்டுவிட்டார்.

அண்ணன் இப்போது ஒரு உப்பளத்தில் வாட்ச்மேன். நான் அதே கடையில்தான் இருக்கிறேன். போன மாசம் கடல் காற்றின் ஈரம் ஏறி அந்த பிலிமின் ஓரம் மங்கிவிட்டது. மேலாளர் என்னைத்தான் அனுப்பச் சொன்னாராம். போனேன். பழைய பசையைச் சுரண்டி ஓரமெல்லாம் புதிதாக அடைத்தேன்.

“அன்னைக்கு வந்தாரே, அவர் உங்க அண்ணனா? கை எப்படி இருக்கு?” என்றார்.

“பரவாயில்ல சார்” என்றேன், சிரித்த முகமாக.

அவரைக்கூட மறந்துவிடுவேன். என்னுடைய அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.